கன்னியாகுமரிக்குத் திரும்பும் கோடு

குரு என்றால் வயதானவராக இருப்பார், நிதானமாகப் பேசுவார் என்றுதான் நஞ்சப்பன் அறுபத்து மூன்று வயது வரை நம்பிக்கொண்டிருந்தார். அவருக்கு வாய்த்த குருவோ கோவை கணபதியில் லேத் பட்டறை நடத்தும் கோகிலவாணி. வயது முப்பத்திரண்டு. ஸ்கூட்டரை நிறுத்துவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிடுவாள்.

"என்னங்க சார், கோடு இன்னும் நகருதா?"

"நகருது அம்மிணி."

நஞ்சப்பன் ஓய்வு பெற்ற சர்வேயர். சும்மா இருக்க முடியாமல், மரத்தில் செதுக்கும் சின்ன சிஎன்சி மெஷின் ஒன்றைப் பாகம் பாகமாக வாங்கி, கார் ஷெட்டில் தானே கோத்து நிறுத்தியிருந்தார். கம்ப்யூட்டர் சொல்லும் கோட்டில் கட்டர் ஓடும்.

அவர் மனைவி சரோஜினி முப்பது வருடம் பூகோளம் நடத்திய டீச்சர். கண் அழுத்த நோயால் போன ஆண்டோடு பார்வை முழுக்கப் போய்விட்டது. அதன்பிறகு யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. போன மாதம்தான் வாய் திறந்தார்.

"தமிழ்நாடு மேப் ஒண்ணு, விரலால தடவிப் பார்க்கிற மாதிரி செஞ்சு தர்றீங்களா?"

அன்றைக்கு நஞ்சப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

செய்தார். கட்டர் கன்னியாகுமரியில் கிளம்பி, கிழக்குக் கரையோரமாக ஏறி, சென்னையைத் தொட்டு, மேற்கே திரும்பி, மலையோரமாக இறங்கி, கன்னியாகுமரிக்கே வர வேண்டும். மூன்று மில்லிமீட்டர் தள்ளி வந்து நின்றது.

"கன்னியாகுமரின்னு நெனச்சேன். கடல்ல நிக்கிறேனுங்க" என்று சரோஜினி சிரித்தார். நஞ்சப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐந்து பலகை வீண். ஆறாவதில் தன் பழைய வித்தையைக் காட்டினார். நிலத்தைச் சுற்றி அளந்து, கிளம்பிய கல்லுக்கே திரும்பும்போது கொஞ்சம் பிசகினால், அந்தப் பிசகை எல்லாக் கற்களுக்கும் பங்கு போட்டுவிடுவது சர்வேயர் வழக்கம். புரோகிராமிலும் அதையே செய்தார். எட்டு நாள் வேலை. கோடு கச்சிதமாகக் கூடிவிட்டது.

சரோஜினியின் விரல் பாதி வழியில் நின்றது.

"கோடியக்கரை இவ்வளவு தூரமா கடலுக்குள்ள நீட்டிட்டிருக்கும்?" என்றார். பிறகு பலகையைத் தள்ளி வைத்தார். "பரவால்லைங்க, விடுங்க."

அந்த 'விடுங்க'தான் நஞ்சப்பனைக் குத்தியது. மறுநாள் காலையில் குருவுக்குப் போன் போட்டார்.

ஷெட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கேட்ட கோகிலவாணி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"எந்தப் பக்கமா நகருது?"

"கிழக்கு மேற்காத்தான். தெற்கு வடக்கு சுத்தமா இருக்குது."

"மார்க்கர் பேனா இருக்குதுங்களா?"

கிழக்கு மேற்காக ஓட்டும் மோட்டாரிடம் குனிந்தாள். அதன் சுழலும் தண்டான ஷாஃப்ட்டில், பெல்ட்டை இழுக்கும் குட்டிச் சக்கரமான புல்லி மாட்டியிருந்தது. ஷாஃப்ட்டையும் புல்லியையும் சேர்த்து ஒரே இழுப்பாகக் கோடு போட்டாள்.

"ஓட்டுங்க."

அரை மணி நேரம் கழித்துக் கட்டர் நின்றது.

"பாருங்க சார்."

நஞ்சப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கோடு இரண்டாகியிருந்தது. பாதி ஷாஃப்ட்டில், பாதி தள்ளிப் போய்ப் புல்லியில்.

"புல்லி வழுக்குதா!"

"பிடிச்சிருக்கிற திருகு லூசுங்க. கட்டர் மரத்துல முட்டறப்ப ஷாஃப்ட் மட்டும் சுத்துது."

நஞ்சப்பனுக்கு அவமானமாக இருந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது.

"பிசகைப் பங்கு போடறது தப்பா அம்மிணி? முப்பத்தஞ்சு வருஷம் அதைத்தான் செஞ்சேன்."

"நிலம் நின்ன எடத்துல நிக்கும்ங்க சார். அங்க அது சரி. இங்க ஒண்ணு நழுவிட்டிருக்குது."

திருகை முடுக்கும் ஆலன் கீயை அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் முடுக்கினார். அவள் பழைய கோட்டைத் தின்னரால் துடைத்துவிட்டுப் புதுக்கோடு போட்டாள்.

"இப்ப புரோகிராம்ல நீங்க பங்கு போட்டதையெல்லாம் அழிச்சிருங்க."

"எட்டு நாள் வேலை அம்மிணி."

கோகிலவாணி கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் பேசாமல் நிற்பதைப் பார்த்தே அவருக்குப் பயம் வந்துவிட்டது. அழித்தார்.

புதுப் பலகை ஓடி முடிந்தது. நஞ்சப்பன் ஸ்கேலை எடுத்தார்.

"ஸ்கேல் எதுக்குங்க? டீச்சரைக் கூப்பிடுங்க."

சரோஜினி வந்து உட்கார்ந்தார். விரல் கன்னியாகுமரியில் கிளம்பியது. கோடியக்கரையில் கொஞ்சம் நின்றது. விரல் தாண்டிப் போனது. சென்னை தாண்டியது. நீலகிரியைச் சுற்றி இறங்கியது.

"வந்துட்டேனுங்க" என்றார் சரோஜினி. விரலை எடுக்காமலேயே, "அடுத்தது இந்தியா செய்வீங்களா?" என்று கேட்டார்.

நஞ்சப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க மோட்டாரிடம் போய்க் குனிந்தார். கோடு உடையாமல் ஒன்றாகவே இருந்தது. தின்னர் துணியை எடுத்து அதைத் துடைக்கப் போனார்.

"அழிக்காதீங்க சார்."

"அதான் முடுக்கியாச்சே. மறுபடியும் நழுவுமா என்ன?"

கோகிலவாணி ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"நழுவட்டும்ங்க. நழுவினா கோடு சொல்லிரும். நீங்க இந்தியாவை ஆரம்பிங்க."