ஈரம் வந்த வழி

"சாமி, என் வண்டிக்குள்ள தண்ணி இறங்குது. நிறுத்த ஒரு வழி சொல்லணும்."

தோப்புச்சாமி நிமிர்ந்து பார்த்தார்.

குற்றாலம் போகிற வழியில் இருக்கிற அந்த மாந்தோப்புக்கு முக்தி கேட்டு வருவார்கள். பிள்ளைவரம் கேட்டு வருவார்கள். பக்கத்து வீட்டுக்காரன் விளங்காமல் போக மந்திரம் உண்டா என்றுகூட வந்து கேட்டிருக்கிறார்கள். ஒழுகலுக்கு வழி கேட்டு வந்தவர் இவர் ஒருத்தர்தான்.

"மெக்கானிக்கிட்ட போகலையா அண்ணாச்சி?"

"போனேன். உள்ள இருக்கிறதையெல்லாம் அள்ளி வெளிய போடுங்க, அப்புறம் பாப்போம்னு சொல்லுதான். நல்லா நாலு கேள்வி கேட்டுட்டு வந்துட்டேன்."

சாமிக்கு நாற்பது வயதுகூட இராது. வந்தவருக்கு அறுபதுக்கு மேல். வயசைப் பார்த்துத்தான் ஞானம் வரும் என்றால் ஊரில் பாதிப் பேருக்கு வந்திருக்க வேண்டுமே, வந்ததா என்ன?

வந்தவர் பெயர் இசக்கியப்பன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சினிமாக்காரர்கள் நடிகர்களுக்கு வைத்திருப்பார்களே, படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற கேரவன், அதில் பழசு ஒன்றை வாங்கி மனைவி ஆவுடையோடு ஊர் சுற்றினார். தனுஷ்கோடி பார்த்தார்கள். கொல்லிமலை ஏறினார்கள். அடுத்தது எங்கே என்று பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு காய்ச்சல் வந்து ஆவுடையைக் கொண்டுபோய்விட்டது.

அன்றிலிருந்து வீட்டைப் பூட்டிவிட்டு வண்டியிலேயே கிடக்கிறார்.

"அவ சேலையெல்லாம் அங்கதான் இருக்கு சாமி. தலையில எப்பவும் மருக்கொழுந்து வப்பா. மூட்டுவலிக்குத் தைலம் தேப்பா. ரெண்டும் கலந்த ஒரு வாசனை. கதவைத் தொறந்து உள்ள போனா அவ அங்கனதான் இருக்கான்னு தோணும். இப்பச் சுவரெல்லாம் ஈரம். சேலையில கறுப்புக் கறுப்பாப் பூஞ்சை. அந்த வாசனையும் போச்சுன்னா எனக்கு அவ எங்க சாமி இருக்கா?"

கண் கலங்கிவிட்டது மனுஷனுக்கு.

"வண்டியக் கொண்டாங்க" என்றார் சாமி.

வண்டி வந்து மாமரத்தடியில் நின்றது. சாரல் பொசுபொசுவென்று பெய்துகொண்டிருந்தது. சாமி உள்ளே ஏறினார். சுவரெங்கும் வெள்ளை வெள்ளையாகச் சிலிக்கான் பசை, பத்துப் போட்டதுபோல.

"இது யாரு வேலை?"

"நான்தான். தண்ணி வந்த எடத்தையெல்லாம் அடைச்சேன்."

"வந்த எடமா, தெரிஞ்ச எடமா?"

"ரெண்டும் ஒண்ணுதானே சாமி?"

சாமி ஒரு குடம் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். கூரையின் முன்பக்கம், இரண்டு தகடுகள் சேருகிற ஜாயின்ட்டில் நிதானமாக ஊற்றினார். கொஞ்ச நேரம் கழித்து, பின்பக்கம் படுக்கைக்கு மேலே ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது.

"அடப்பாவி! அங்க ஊத்தினா இங்கல்லா வருது!" என்று உள்ளேயிருந்து கத்தினார் இசக்கியப்பன்.

சாமி ஏணியிலிருந்து இறங்கினார். குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

மறுநாள் இசக்கியப்பன் டியூப் டியூபாகச் சிலிக்கான் வாங்கிக்கொண்டு கூரைமேல் ஏறினார். வெளி ஜாயின்ட் ஒன்று விடாமல் பூசினார். பழைய பசைக்கு மேலேயே பூசினார். வேலை முடிந்ததும் சாமியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

சாமி நகத்தால் ஒரு முனையைக் கெல்லி இழுத்தார். வாழைநார் மாதிரி மொத்தமும் உரிந்து வந்தது. அதை இசக்கியப்பன் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

"வாயைத் தொறந்து சொன்னா முத்தா உதுந்துரும்?" என்று முணுமுணுத்தார் இசக்கியப்பன். ஆனாலும் பழசைச் சுரண்ட உட்கார்ந்தார். முழங்கால் கெஞ்சியது. சுரண்டச் சுரண்ட உள்ளே கறுப்பாக அழுக்கும் பாசியும் வந்துகொண்டே இருந்தது. சுத்தமான தகடு தெரிகிற வரைக்கும் விடவில்லை.

"இப்பப் பூசலாமா சாமி?"

சாமி ஜாயின்ட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "ஈரம் இருக்கு."

"மேல காஞ்சிட்டே."

"உள்ள?"

வண்டிமேல் தார்ப்பாயைக் கட்டினார்கள்.

"காயுற வரைக்கும் நான் என்ன செய்ய?"

"காயட்டும்."

நல்ல பதில்! இசக்கியப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

பகலெல்லாம் வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சேலை அடுக்கில் முகத்தைப் புதைத்துக்கொள்வார். ஒரு நேரம் மருக்கொழுந்து லேசாக வரும், ஒரு நேரம் பூஞ்சை மட்டும்தான் வரும். வராத நேரத்தில் ஆவுடை, ஆவுடை என்று வாய்விட்டுக் கூப்பிடுவார். தோப்பில் மாங்காய் பொறுக்குகிறவர்களுக்குக்கூட அது கேட்கும்.

சாரல் ஓய்ந்து காற்று திரும்பியது. சாமி விரலை விட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். கூரை, ஜன்னல் சட்டத்தின் வெளி ஓரம், விளக்கு மாட்டிய இடம் என்று எல்லாவற்றையும் இசக்கியப்பன் பார்த்துப் பார்த்துப் பூசினார். பசை இறுகியதும் சாமி குடம் குடமாக ஊற்றினார்.

ஒரு சொட்டு இறங்கவில்லை.

இசக்கியப்பன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். சாமி துள்ளி விலகினார்.

"எந்திரிங்க அண்ணாச்சி! பெரியவங்க நீங்க விழுந்தா என் ஆயுசுல்லா கொறையும்!"

அன்றைக்கு ராத்திரி இசக்கியப்பன் நிம்மதியாகத் தூங்கினார். விடிந்தும் விடியாமலும் சாமியின் முன்னால் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"ஏமாத்திட்டீங்க சாமி! சுவர் பூரா தண்ணி!"

"மழை பெஞ்சுதா?"

"இல்ல."

"ஜாயின்ட் எதுவும் விட்டிருக்கா?"

"நானே சுரண்டி நானே பூசினது. விடுமா?"

சாமி, திண்ணைகூடக் கிடையாத தன் குடிசைக்குள் போய்ப் பளபளவென்று தேய்த்த ஒரு பித்தளைத் தட்டை எடுத்து வந்தார். இசக்கியப்பனின் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

"ஊதுங்க."

ஊதினார். தட்டு மங்கியது.

"இன்னும்."

மறுபடி மறுபடி ஊதினார். மங்கலில் நீர் கோத்து ஒரு துளி கீழே வழிந்தது.

இசக்கியப்பன் அந்தத் துளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் மூச்சா சாமி?"

"ராத்திரி பூரா விடுதீங்களே, அது எங்க போகும்? ஜன்னலுக்கெல்லாம் உள்ளேருந்து டேப் ஒட்டியிருக்கீங்க. கூரையில காத்துப் போற ஓட்டையையும் துணி வச்சு அடைச்சிருக்கீங்க."

"தொறந்தா அவ வாசனை போயிருமே!"

"போயிரும்."

இல்லை, போகாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாமி சொல்லவில்லை.

"தொறக்கலேன்னா?"

"சேலை மக்கிரும். வாசனையும் அதோட போகும்."

இசக்கியப்பன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வெயில் வண்டியின்மேல் ஏறியது.

பிறகு சாமி கேட்டார். "ஊர் சுத்தும்போது அவங்க வண்டியில எங்க உக்காருவாங்க?"

"ஜன்னலோரம்தான். வேற எங்க?" வாய் தன்னால் பேசியது. முகம்கூடக் கொஞ்சம் மலர்ந்தது. "அவளுக்குக் காத்து வேணும் சாமி. மழையே அடிச்சாலும் கண்ணாடிய ஏத்த விடமாட்டா. ஏத்துனேன்னு வைங்க, அம்புட்டுதான், சண்டைக்கு வந்துருவா. 'என்னையப் பொட்டிக்குள்ள போட்டு அடைக்கியளா'ன்னு..."

அத்தோடு நின்றுவிட்டார்.

எழுந்து வண்டிக்குப் போனார். டேப் கிழிகிற சத்தம் தோப்பு முழுக்கக் கேட்டது.