பதில் கிடைக்காத ஸலாம்

கௌதாரியை முயல் கடைசியாக உயிரோடு பார்த்தது பொழுது சாயும் ஒரு மஃரிப் நேரத்தில். குளத்தின் தென்கரையில் நின்று அது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு மிடறு குடித்ததும் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தது. பிறகு அடுத்த மிடறு.

"என்ன லாத்தா, ஒவ்வொரு மிடறுக்கும் மேலே பார்க்கிறீங்க? மழை வருதான்னு பார்க்கிறீங்களா?" என்று அக்கா முறை வைத்து முயல் கேலி செய்தது.

"கொடுத்தவனைப் பார்த்துக் குடிக்கிறேன். உன்னை மாதிரி குனிஞ்ச தலை நிமிராமக் குடிச்சா வயித்து வலிதான் வரும்" என்றது கௌதாரி.

முயல் சிரித்தது. அவ்வளவுதான் அவர்கள் பேசியது.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. உடைமரக் காடு முழுவதிலும் தண்ணீர் இருந்தது அந்த ஒரு குளத்தில்தான். புல் தின்பதும் அங்கேதான் வரவேண்டும், புல் தின்பதைத் தின்பதும் அங்கேதான் வரவேண்டும். ஆகவே காட்டு உயிர்கள் எல்லாம் கூடி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டன. தண்ணீருக்கு வருபவர் கரையில் நின்று ஸலாம் சொல்ல வேண்டும். கரையில் இருப்பவர்களில் ஒருவராவது பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் தண்ணீரில் வாய் வைக்கலாம். 'என் பல்லாலும் நகத்தாலும் உனக்குத் தீங்கு வராது' என்று ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் வாக்கு அது. பொழுது விடியும்வரை அந்த வாக்கு நிற்கும். நரியும் பூனையும் இரைக்காகத் தொலைவிலுள்ள வயல்களுக்குப் போய் எலி பிடித்துக்கொள்ளும்.

பதில் கிடைக்காதவர் தண்ணீரைத் தொடாமல் திரும்பிவிட வேண்டும். அப்படி யாருக்கும் அதுவரை நேர்ந்ததில்லை.

அன்று கௌதாரி குடித்துக்கொண்டிருந்தபோது காட்டுப்பூனை வந்தது. காட்டுப்பூனைக்கு அந்தக் குளத்தில் நல்ல பெயர். கரைக்கு வந்ததும் உட்கார்ந்து முகத்தையும் கால்களையும் நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். பிறகு எழுந்து நின்று, நிறுத்தி, இனிமையாக ஸலாம் சொல்லும். சின்ன அணில் சொன்ன ஸலாமுக்குக்கூட நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் நகரும்.

"அஸ்ஸலாமு அலைக்கும், லாத்தா" என்றது பூனை.

"வஅலைக்கும் ஸலாம், தம்பி" என்றது கௌதாரி.

கௌதாரி குடித்து முடித்துக் கள்ளிப் புதர்ப் பக்கம் நடந்தது. பூனை தண்ணீரில் வாய் வைக்கவில்லை. சற்று நேரம் சும்மா நின்றது. பிறகு அதுவும் கள்ளிப் புதர்ப் பக்கம் நடந்தது.

முயல் அப்போது கரையோரக் கோரைக்குள் புகுந்து வேர் கொறித்துக்கொண்டிருந்தது. கோரைத் தாள்களின் இடைவெளியில் எல்லாம் தெரிந்தது. கௌதாரி திரும்பிப் பார்த்தது. பயப்படவில்லை. ஸலாம் சொன்ன தம்பிதானே என்று நினைத்திருக்கும். அடுத்த நொடி சிறகடிக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

முயலின் கால்கள் மண்ணில் ஊன்றியது போல் நின்றுவிட்டன. ஓடு என்று மனம் சொன்னது. கால் கேட்கவில்லை. மூக்கு மட்டும் துடித்தது.

பூனை கௌதாரியைக் கவ்விக்கொண்டு உடும்பு குடியிருந்த கரையான் புற்றின் பக்கம் போனது. திரும்பி வரும்போது வாயில் ஒன்றும் இல்லை. மீசையில் ஒரு சிறு இறகு ஒட்டியிருந்தது. அதைக் காலால் துடைத்துக்கொண்டே பூனை கோரையின் முன்னால் வந்து நின்றது.

"மச்சான், உள்ளேயா இருக்கீங்க?"

முயல் கோரைக்குள் இன்னும் ஒடுங்கிக்கொண்டது.

"எதையாவது பார்த்தீங்களா?"

"நான்... நான் வேர் தின்னுட்டு இருந்தேன்."

"நல்லது" என்றது பூனை. அதன் குரலில் கோபமே இல்லை. "ஒருத்தர் குறையை நாம மறைச்சா, நம்ம குறையை இறைவன் மறைப்பான். உங்களுக்குத் தெரியாததா? பள்ளத்துக்குள்ள உங்க குட்டிங்க நல்லா இருக்குதுகளா? அந்தப் பக்கமாத்தான் நான் வயலுக்குப் போறது."

பூனை போய்விட்டது.

மறுநாள் காலை கௌதாரியின் இறகுகள் உடும்பின் புற்று வாசலில் கிடந்தன. மயில் அதைப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு ஓடி வந்தது. காடே திரண்டது.

உடும்புக்கு அந்தக் காட்டில் யாரும் உறவில்லை. அதன் வாய் அப்படி. மயிலைப் பார்த்தால், "தோகையைத் தூக்கிட்டு நட, காட்டையே பெருக்குறே" என்னும். நரியைப் பார்த்தால், "உன் நாத்தம் உனக்கு முன்னாடி வந்து ஸலாம் சொல்லுது" என்னும். போதாததற்கு முட்டை திருடும் என்ற பேரும் இருந்தது.

கூட்டத்துக்குத் தலைமையாகக் கடமான் நின்றது. கொம்பு பெரிது. குரலும் பெரிது. அவசரமும் பெரிது.

"உன் வாசல்ல இந்த இறகு எப்படி வந்தது?" என்று கேட்டது கடமான்.

"எனக்கென்ன தெரியும்? காலையில எழுந்தேன், கிடந்தது."

"நீ முட்டை தின்கிறவன்தானே?" என்றது மயில்.

"தின்பேன். நான் எப்போ இல்லேன்னேன்? ஆனா ஸலாம் சொன்ன வாயால அந்தப் பொம்பளையைக் கடிக்க மாட்டேன்."

காட்டுப்பூனை முன்னால் வந்தது. அதன் கண்கள் கலங்கியிருந்தன. "யாரையும் கடிந்து பேச வேண்டாம், மாமு. பாவம், பசியில புத்தி கெட்டிருக்கும்" என்றது கடமானிடம்.

அதைக் கேட்டதும் கூட்டத்தில் யாருக்கும் சந்தேகம் மிச்சமிருக்கவில்லை. "பூனையின் மனசைப் பாருங்கள்" என்றார்கள். உடும்பின் ஸலாமுக்கு இனி யாரும் பதில் சொல்லக்கூடாது என்று கடமான் தீர்ப்புச் சொன்னது. வேறு தண்ணீர் இல்லாத காட்டில் அதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும்.

முயல் கூட்டத்தின் ஓரத்தில் நின்றது. வாயைத் திறந்தது. பூனை மெல்லத் திரும்பி அதைப் பார்த்தது. முயல் வாயை மூடிக்கொண்டது.

அன்று மாலை உடும்பு கரைக்கு வந்து ஸலாம் சொன்னது. நரி தரையைப் பார்த்தது. மயில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒருவரும் பதில் சொல்லவில்லை. உடும்பு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வாலை இழுத்துக்கொண்டு திரும்பியது.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே.

முயல் தன்னைத் தானே தேற்றிக்கொண்டது. நான் யாரையும் கடிக்கவில்லை. பொய் சாட்சி சொல்லவில்லை. ஒருவன் குறையை மறைத்திருக்கிறேன், அது நன்மைதானே? இப்படி நினைத்துக்கொண்டு தொழ நிற்கும். நெற்றி தரையில் பட்டதும் சிறகடிக்கும் சத்தம் கேட்கும். ஓத வேண்டியது மறந்துபோகும். மாலைதோறும் பூனை அதனுடன் பள்ளம்வரை துணைக்கு நடந்து வந்தது. "காலம் கெட்டுக் கிடக்கு மச்சான், தனியா போகாதீங்க" என்று சொல்லும். பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்து, குட்டிகளுக்கும் ஸலாம் சொல்லும். அது போன பிறகு முயல் குட்டிகளை எல்லாம் தன் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டு கண்ணை மூடாமல் கிடக்கும்.

ஒருநாள் நண்பகலில் முயல் கள்ளிப் புதரைக் கடந்து போனது. நிழலில் உடும்பு கிடந்தது. தோல் சுருங்கி, மடிந்து, பழைய செருப்பு போலிருந்தது. பிளந்த நாக்கு வெளியே தொங்கியது. முயல் பின்வாங்கியது.

"பயப்படாதே. உன்னைக் கடிச்சு மெல்ல இப்போ எனக்கு எச்சில்கூட இல்ல" என்றது உடும்பு.

முயல் சுற்றுமுற்றும் பார்த்தது. "பகல்ல கரையில யாரும் இல்லையே. போய்க் குடிச்சிட வேண்டியதுதானே?" என்று கிசுகிசுத்தது.

உடும்பு ஒரு கண்ணைத் திறந்தது.

"குடிக்கலாம். நல்லாத்தான் இருக்கும். அப்புறம் நாளைக்கு நரியும் பதில் இல்லாமக் குடிக்கும். மறுநாள் ஸலாமும் சொல்லாமக் குடிக்கும். அப்புறம் உன் குட்டிங்க எந்த நம்பிக்கையில தண்ணிக்கு வரும்? நானும் கை தூக்கி ஒத்துக்கிட்ட வழக்கம்தானே இது. என் தொண்டை காயுதுன்னு உடைக்க முடியுமா?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டது. "சரி, போ. என்கூடப் பேசினேன்னு அந்த மயில் உன் மேலயும் கதை கட்டிடும்."

முயல் போனது. பள்ளத்துக்குப் போகவில்லை. ஒரு பாறையடியில் உட்கார்ந்திருந்தது. முட்டைத் திருடன் என்று ஊர் சொல்லும் ஒருவன், செத்தாலும் வாக்கை மீறமாட்டேன் என்கிறான். நல்லவன் என்று ஊர் சொல்லும் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? பூனையின் குறையையா மறைத்தேன்? என் பயத்தையல்லவா மறைத்துக்கொண்டு, அதற்கு நன்மை என்று பேர் வைத்தேன்?

மாலையானது. முயல் முதலில் பள்ளத்துக்குப் போய்க் குட்டிகளைக் கிளப்பியது. பாறை இடுக்கு ஒன்றில் அவற்றைத் தள்ளி, "நான் கூப்பிட்டாலொழிய வெளியே வரக்கூடாது. யார் ஸலாம் சொன்னாலும் சரி" என்று சொல்லிவிட்டுக் குளத்துக்கு வந்தது.

பூனை முன்பே வந்து காத்திருந்தது. "அஸ்ஸலாமு அலைக்கும், மச்சான். இன்னிக்கு ரொம்பத் தாமதம்" என்றது. முயல் பதில் சொன்னது. பூனை அதை ஒட்டி உட்கார்ந்து, தன் வாலை அதன் முதுகின் மேல் போட்டுக்கொண்டது.

உடும்பு வந்தது. நடந்து வரவில்லை, வயிற்றால் தேய்த்து வந்தது. கரையில் தலையைத் தூக்கிப் பார்த்தது. முடியவில்லை. தரையில் தாடையை வைத்தபடியே, "ஸலாம்" என்றது. அவ்வளவுதான் குரல் வந்தது.

யாரும் அசையவில்லை. தவளைகூடக் கத்தவில்லை. முயலின் முதுகில் கிடந்த வால் லேசாக அழுத்தியது. தன் நெஞ்சு அடித்துக்கொள்வது பூனைக்குக் கேட்கும் என்று முயலுக்குத் தெரிந்தது.

"வஅலைக்கும் ஸலாம்" என்றது முயல்.

குரல் கீச்சென்று வந்தது. ஆனாலும் கரை முழுவதும் கேட்டது.

எல்லாத் தலைகளும் திரும்பின. கடமான் கொம்பைத் தாழ்த்திக்கொண்டு வந்தது. "தீர்ப்பு உனக்குத் தெரியாதா? இவனுக்கு ஏன் பதில் சொன்னே?"

"கௌதாரி லாத்தாவை இவர் கொல்லலை, மாமு. நான் கோரைக்குள்ள இருந்தேன். பார்த்தேன். கொன்னது காட்டுப்பூனை."

"புறம் பேசாதீங்க, மச்சான்" என்றது பூனை, மிகவும் மெதுவாக. "பாவம் வந்து சேரும்."

"நீ பக்கத்துலதான் இருக்கே. உன் முகத்துக்கு நேராத்தான் சொல்றேன்."

"பார்த்தவன் இவ்வளவு நாளா ஏன் வாயை மூடிட்டு இருந்தே?" என்று அதட்டியது கடமான்.

"பயம்" என்றது முயல். "இப்பவும் பயமாத்தான் இருக்கு."

அதற்குமேல் அதனால் பேச முடியவில்லை. சற்றுமுன் ஸலாம் சொன்ன வாய் பிளந்தது. பூனையின் நகங்கள் முயலின் தலையிலும் காதிலும் இறங்கின. முயல் புரண்டது. பூனை இரண்டாம் முறை பாய்வதற்குள் கடமானின் கொம்பு அதன் விலாவில் முட்டி, முள்ளுக்குள் தூக்கி எறிந்தது. பூனை எழுந்து, எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, ஒரு காலை நொண்டிக்கொண்டே உடைமரங்களுக்குள் மறைந்தது.

அதன்பின் யாரும் சாட்சி கேட்க வேண்டியிருக்கவில்லை. விடியும்வரை நிற்க வேண்டிய வாக்கு எப்படி உடைந்தது என்று எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

"வஅலைக்கும் ஸலாம்" என்றது கடமான், உடும்பைப் பார்த்து. பிறகு நரி சொன்னது. மயில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கடைசியாகச் சொன்னது.

உடும்பு தண்ணீருக்குள் முகத்தைப் புதைத்தது. முயல் இரத்தம் ஒழுக அதன் பக்கத்தில் போய் நின்றது. "என்னை மன்னிச்சிருங்க. முதல் நாளே சொல்லியிருக்கணும்."

"மொதல்ல குடிக்க விடு" என்றது உடும்பு. "தொண்டை நனையாம மன்னிக்க வராது."

நெடுநேரம் குடித்தது. பிறகு தலையை உயர்த்தி, "மன்னிச்சேன். ஆனா லாத்தா மன்னிக்கணுமே, அதுக்கு நீ இறைவன்கிட்டதான் கேட்டுக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தன் புற்றுக்குப் போனது.

காட்டுப்பூனை செத்துப்போகவில்லை. செய்ததைச் செய்தேன் என்று சொல்லி வருந்தி வந்தால் அதற்கும் பதில் சொல்லலாம் என்று கடமான் அறிவித்தது. அது அப்படி வரவில்லை. சில மாலைகளில் முள்ளுக்கு அப்பாலிருந்து அதன் ஸலாம் மட்டும் கேட்கும், அதே இனிமையோடு. அதைக் கேட்டால் முயலின் மூக்கு துடிக்கத் தொடங்கிவிடும். இருந்தாலும் அது தண்ணீருக்கு வருவதை நிறுத்தவில்லை.

கௌதாரி குடியிருந்த புல்தரையில் இப்போது யாரும் இல்லை. முயலுக்கு ஒரு காதும், இன்னொன்றில் பாதியும் மீதி இருக்கின்றன.

ஸலாம் சொல்லும் ஒருவரின் நற்குணம், தம்மால் யாருக்கும் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வதிலும், பிறர் செய்யும் தீங்கைப் பயந்து மறைக்காமல் இருப்பதிலும்தான் தெரியும்.