வழுக்காத டயர்

“வழுக்காத டயர் எதும்மா?”

போஜன் இப்படிக் கேட்டுக்கொண்டு வந்து நின்றபோது அவர் தோளில் மூன்று ஜோடி டயர்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

மாலைத் தியானம் முடிந்து எழுந்த இரண்டு பேர் சிரித்தார்கள். சுடர்க்கொடி சிரிக்கவில்லை.

“உட்காருங்க அண்ணா” என்றாள்.

அவருக்கு அவள் குரு. வயதில் அவரைவிட இருபது வருஷமாவது இளையவள். அவர் அம்மா என்பார், அவள் அண்ணா என்பாள். அது இரண்டு பேருக்குமே சரியாக இருந்தது.

போஜனின் வீடு மலைமேல் இருந்தது. ஆஸ்பத்திரி கீழே பள்ளத்தாக்கில். அங்கே காலை ஷிப்டுக்கு அவர்தான் நர்ஸ். முதல் பஸ் வருவதற்கு முன்பே வார்டு விழித்துவிடும். அதனால் சைக்கிள்தான்.

போன வருஷம் உறைபனியில், ஒரு வளைவில் சைக்கிள் சறுக்கியது. காறை எலும்பு முறிந்து, தான் மருந்து கொடுத்த வார்டிலேயே படுத்துக் கிடந்தார்.

இப்போது மறுபடியும் புல்லெல்லாம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. பனி விழுந்த முதல் நாளிலிருந்து அவர் வேலைக்குப் போகவில்லை. இரவு நர்ஸ் ஸ்டெல்லா ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போக முடியாமல் அவர் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒருத்தன் மெல்லிசு டயர்தான் பனியை அறுத்துக்கிட்டுப் போகும்ங்கறான். இன்னொருத்தன் முண்டு முண்டா இருக்கற பட்டன் டயர் போடுங்கறான். அகல டயர் போதும்னு ஒருத்தன் சொல்றான். மூணையும் வாங்கிட்டேன். சாயங்காலம் ஒண்ணை மாட்டறேன், காலைல கழட்டிடறேன். கண்ணை மூடி உட்கார்ந்தாலும் உள்ளே டயர்தாம்மா சுத்துது.”

சுடர்க்கொடி ஒரு டயரை எடுத்துத் தலை வழியாகக் கழுத்தில் போட்டுப் பார்த்தாள். மாலை போல இருந்தது. கழற்றி வைத்தாள்.

“உங்க சைக்கிள்ல கேரியர் இருக்கா?”

“இருக்கு.”

“நாளைக்குக் காலைல நான் பின்னாடி உட்கார்ந்துக்கறேன். ஆஸ்பத்திரி வரைக்கும்.”

“வேண்டாம்மா. விழுந்துட்டா?”

“உங்க வார்டுல எனக்கு ஒரு கட்டில் கிடைக்காதா?”

அவர் குனிந்தார். கை நேராகப் போய் அகல டயரை எடுத்தது.

மற்ற இரண்டு ஜோடியும் அங்கேயே கிடந்தன. அவற்றை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

•

விடியும்போது மலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தேயிலைச் செடிகள் வெள்ளைப் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தன.

போஜன் கேரியரில் சாக்கை மடித்துக் கட்டினார். பிரேக்கை அழுத்திப் பார்த்தார். பிறகு டயரில் இருந்து கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார்.

“ஏன் இறக்கறீங்க?”

“டைட்டா இருந்தா துள்ளும்மா. கொஞ்சம் இளகி இருந்தாத்தான் தரையைப் பிடிக்கும்.”

“இது யார் சொன்னாங்க?”

போஜன் யோசித்தார். யாரும் சொல்லவில்லை. போன வருஷம் சீக்கிரம் போய்ச் சேரவேண்டும் என்று கல் மாதிரி காற்றடித்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் இது அவருக்குத் தெரியும்.

சுடர்க்கொடி ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்தாள். சைக்கிள் நகர்ந்தது.

மூடுபனி விலகி வழிவிட்டது, பின்னால் மூடிக்கொண்டது. சக்கரத்தின் சத்தம்கூடக் கேட்கவில்லை. நகர்வது தாங்களா மலையா என்று போஜனுக்குச் சந்தேகம் வந்தது. எங்கோ ஒரு மாடு மணியசைத்தது. ஒரு யூகலிப்டஸ் மரம் அருகில் வந்து, அவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போனது.

முதுகில் ஒரு கனம் சாய்ந்தது. குரு தூங்கிவிட்டாள்.

போஜன் மூச்சைக்கூட மெதுவாக விட்டார். அவள் விழித்துவிடக் கூடாதே என்று பிரேக்கைப் பூவைத் தொடுவதுபோலத் தொட்டார். பயம் எங்கே போனது என்று தேட அவருக்கு நேரமில்லை.

அந்த வளைவு வந்தது. சைக்கிளை நிறுத்தி, சாய்ந்திருந்தவளை ஒரு கையால் தாங்கிக்கொண்டு இறங்கினார். அவளை உட்காரவைத்தபடியே தள்ளிக்கொண்டு நடந்தார்.

அவள் கண் விழித்தாள். “ஏன் இறங்கிட்டீங்க?”

“இந்த இடத்துல வெயிலே படாதும்மா. பனி இறுகிக் கிடக்கும்.”

“போன வருஷம் பட்டுச்சா?”

போஜன் தள்ளிக்கொண்டே நடந்தார். காலடியில் பனி மொறுமொறுத்தது.

வளைவு தாண்டியதும் மறுபடி ஏறி மிதித்தார்.

•

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டெல்லா சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள். போஜனைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது.

“வந்துட்டீங்களாண்ணே!”

“நீ வீட்டுக்குப் போய்த் தூங்கும்மா. நான் பார்த்துக்கறேன்.”

அவள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினார். சுடர்க்கொடி கேரியரிலிருந்து இறங்கிப் புடவையில் ஒட்டிய சாக்கு நாரைத் தட்டிக்கொண்டிருந்தாள். முதல் பஸ் வளைந்து வரும் சத்தம் கேட்டது. அதில் அவள் மேலே போய்விடுவாள்.

போஜன் அவசரமாக அவள் அருகில் போனார்.

“அம்மா, இன்னைக்கு நீங்க பின்னாடி இருந்தீங்க. அதனால பார்த்துப் பார்த்து வந்தேன். நாளைக்கு?”

பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அவள் திரும்பினாள்.

“நாளைக்கு உங்களையே பின்னாடி உட்கார வச்சுக்கிட்டு வாங்க அண்ணா.”