பாவாயி கேட்ட காட்டு மஞ்சள் பூ

ஒரு மலையடிவாரத்துல ஒரு மஞ்ச வெவசாயி இருந்தான், கண்ணு. பேரு செங்கோடன். அவன் பொண்டாட்டி பாவாயியைக் கடைசியா உசுரோட பார்த்தப்போ, அவ கதவு நெலையைப் புடிச்சுக்கிட்டு வாசப்படியில நின்னுட்டிருந்தா. அவன் கையில ஒரு வாளி. "பஸ்சுல ஜன்னலோரமா உக்காருங்க. மலை வளைவுல உங்களுக்குக் கொமட்டும்"னா.

ம் கொட்டு.

"ம்."

எதுக்கு வாளியோட போனான்? அதுதான் கதை.

பாவாயி கொல்லிமலையில பொறந்தவ. அங்க காட்டுக்குள்ள, சித்திரையில மொத மழை விழுந்ததும் காட்டு மஞ்சள் பூக்கும். எலை ஒண்ணுகூட இருக்காது. வெறும் மண்ணைப் பொளந்துக்கிட்டு ரோஸ் நெறத்துல பூ குப்புனு வந்து நிக்கும். அப்புறம் அவளுக்கு மூச்சு எளைப்பு வந்துச்சு. பஸ்சுல ஏறினாலே மேமூச்சு கீழ்மூச்சு வாங்கும். "ஒருக்கா அந்தப் பூவைப் பார்த்தாப் போதுங்க"ன்னா. "இங்கயே பூக்க வைக்கிறேன். மஞ்ச வளக்க எனக்கா தெரியாது?"ன்னான்.

மொத வருசம் கெழங்கு கொண்டாந்து தன் மஞ்சத் தோட்டத்து வரப்புல நட்டான். சுள்ளுனு வெயிலு. எலையெல்லாம் கருகிப் போச்சு. "அது நெழல்ல வளந்த புள்ளைங்க, வெயில்ல நிக்க வச்சீங்களே"ன்னு சிரிச்சா பாவாயி.

அப்புறம் ரெண்டாவது வருசம், பலா மரத்தடியில, சருகுக்குள்ள நட்டான். எலை தளதளன்னு வந்துச்சு. மார்கழியில காஞ்சுது. ஐயோ, தாகம் போலன்னு சளசளன்னு தண்ணி ஊத்தினான். தோண்டிப் பார்த்தா கெழங்கு கொழகொழன்னு அழுகிக் கெடக்குது. "தூங்கறவங்க வாயில தண்ணி ஊத்துவாங்களா?"ன்னா. அப்பவும் சிரிச்சா, ஆனா நடுவுல இருமினா.

"ம்."

மூணாவது வருசம் எல்லாம் சரியாத்தான் செஞ்சான். பின்மழை பேஞ்சதால தை வரைக்கும் எலை பச்சையா நின்னுச்சு. பொங்கலுக்கு அவன் அக்கா பெருமாயி வந்தா. வெடியக்காலம் எந்திரிச்சா, மரத்தடியில மஞ்சச் செடி இருக்குதேன்னு சரக்குனு புடுங்கி, பொங்கப் பானைக் கழுத்துல கட்டிட்டா. அடுப்பு தகதகன்னு எரிஞ்சுது. கெழங்கு வெந்து போச்சு.

"எனக்கு என்னடா தெரியும், மஞ்சக் கொத்துன்னு நெனச்சேன்"னு பெருமாயி மூஞ்சி செத்துப் போச்சு. "பொங்கலு வாசமாத்தான் இருந்துச்சு, விடுங்க நங்கையா"ன்னு நாத்தனாரைத் தேத்தினா பாவாயி. ஆனா அன்னிக்கு அவ பொங்கலைத் தொடலை.

மாசியில அவ துரும்பா எளைச்சுட்டா. இன்னொரு வருசம் கெடையாதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அப்புறம் சித்திரை பொறந்துச்சு, மலை மேல டமடமன்னு இடி, மழை. கெழங்கு வேண்டாம், பூத்து நிக்கிறதையே மண்ணோட பேத்துக் கொண்டாந்துடலாம்னு வாளியை எடுத்தான்.

"கெடச்சுதா அப்புச்சி?"

கெடச்சுது. ஒத்தைப் பூ. மடியில வாளிய வச்சு, ஆடாமப் புடிச்சுக்கிட்டே எறங்கி வந்தான். பஸ் நிக்கிற எடத்துல பெருமாயி நின்னுட்டிருந்தா. வாளியை வாங்கிக்கிட்டா.

"எப்போக்கா?"ன்னான்.

"மத்தியானம்"னா.

"அவங்க பூவைப் பார்க்கவே இல்லையா அப்புச்சி?"

இல்ல சாமி.

எல்லாம் முடிஞ்சப்புறம் பெருமாயியே பலா மரத்தடியில குழி வெட்டினா. கெழங்கை வச்சா. செங்கோடன் மண்ணைத் தள்ளினான். நாலு நாள்ல பூ வாடிருச்சு. அதுக்கப்புறம்தான் எலை வந்துச்சு.

அவ்வளவுதான் கண்ணு. கதையும் படுத்துக்கிச்சு, நீயும் படு.

"இப்ப அது எங்க இருக்குது?"

நம்ம பலா மரத்தடியில. போன சித்திரையில பதினோரு பூ.