பழ ஐஸ் பாட்டு

இத்தாலியில் கஸ்பரோனி என்றொரு ஓபரா, அதாவது இசை நாடக, இசையமைப்பாளர் இருந்தார். அவர் தும்மினால்கூட அடுத்த வாரம் அது ஊரெல்லாம் பாட்டாகிவிடும். நான் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறேன்.

அவருடைய சீடன் நெவியோவுக்கு நாற்பது வயது. மாவு மில்லைத் தம்பி தலையில் கட்டிவிட்டு இசை கற்க வந்தவன்.

அந்தக் கால ஓபராவில் ஒரு வழக்கம் உண்டு. நடுவில் துணைப் பாடகி ஒரு பாட்டுப் பாடுவாள். அந்த நேரம் பார்த்துச் சபை எழுந்து வெளியே போய்ப் பழ ஐஸ் சாப்பிட்டுவிட்டு வரும். அந்தப் பாட்டை எழுதும்படி நெவியோவிடம் சொன்னார் குரு.

"என் முதல் பாட்டு, மாஸ்ட்ரோ. கேட்க ஆளே இருக்காதே."

"எழுது, பார்க்கலாம்."

ஒருவரும் நகரக் கூடாதென்று எட்டு ட்ரம்பெட், நான்கு முரசு வைத்து எழுதினான். முதல் மாலையே சபை காலி. கைத்தடி ஊன்றி வந்த கிழவர்கூட ஓடினார். தடி மட்டும் உட்கார்ந்து கேட்டது.

"ஒரு ஆளையாவது உட்கார வைக்க வழி சொல்லுங்கள். இல்லாவிட்டால் மில்லுக்கே திரும்பிப் போகிறேன்" என்றான் நெவியோ.

"போ. மாவையாவது சாப்பிடுவார்கள்" என்றார் குரு.

ஆனால் மறுநாள், அவன் பாட்டு தொடங்கும் நேரத்தில், அவனை அரங்க வாசலில் இருந்த ஐஸ் கடைக்கு இழுத்துப்போனார். கையில் ஒரு கோப்பையைத் திணித்தார்.

"என்ன கேட்கிறது?"

"ஒரே இரைச்சல்."

"யாருடையது?"

"என்னுடையதுதான்."

"அதை விடு. வேறென்ன?"

நெவியோ காதைத் தீட்டிக்கொண்டான். "கோப்பையில் கரண்டி தட்டுகிறது. யாரோ சிரிக்கிறார்கள்."

குரு தலையை மட்டும் ஆட்டினார். வாயில் ஐஸ் இருந்தது.

வீடு திரும்பியதும் நெவியோ ட்ரம்பெட்டுகளையும் முரசுகளையும் நீக்கிவிட்டு ஒரே ஒரு புல்லாங்குழலை வைத்தான். தாளத்தை அந்தக் கரண்டியிடமிருந்து எடுத்துக்கொண்டான்.

மூன்றாம் மாலை. பாட்டு தொடங்கியது. வழக்கம்போல் எல்லோரும் எழுந்து போனார்கள். நெவியோ குருவின் இருக்கையைப் பார்த்தான். அதுவும் காலி.

வெளியே ஓடினான்.

அங்கே இருநூறு கரண்டிகள் இருநூறு கோப்பைகளில் அவன் தாளத்தைப் போட்டுக்கொண்டிருந்தன. கிழவர் தடியால் தரையைத் தட்டினார். ஐஸ்காரர் ஐஸ் அள்ள மறந்து பாடினார். துணைப் பாடகியே பாடிக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டாள். நடுவில், மீசையெல்லாம் ஐஸோடு குரு.

"நீங்களும் எழுந்து வந்துவிட்டீர்களே, மாஸ்ட்ரோ."

"பாட்டு எழுந்து வந்தது. நான் பின்னாலேயே வந்தேன்" என்றார் குரு. "உனக்கு எலுமிச்சையா, ஆரஞ்சா?"