நாய்க்கு நாலாவது பெயர்

“இந்த நாய்க்கு நல்ல பேரா ஒண்ணு சொல்லு தாயி.”

கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஒரு செவலை நாய். வெயில் ஏறுவதற்கு முன்பே சாத்தையா வந்து நின்றுவிட்டார்.

அரியநாச்சி ஆடுகளை அடைத்திருந்த படல்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

“பேரில்லாத நாயா அண்ணே?”

“இருக்கு. மூணு பேரு இருக்கு. மூணும் அதுக்குப் பொருந்தல.”

சாத்தையாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அரியநாச்சிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவள்தான் குரு, அவர்தான் சீடர். நாலு வருடத்துக்கு முன்னால் விவசாயத்தை விட்டுவிட்டு ஆடு வாங்கியபோது, குட்டி போடுகிற ஆட்டை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. அவளிடம் வந்து கேட்டார். இன்றுவரை கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

“நரைச்ச மீசை பள்ளிக்கூடம் போகுதுடோய்” என்று ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். தெரியாததைத் தெரிந்தவளிடம் கேட்பதில் என்ன வெட்கம்?

அரியநாச்சி அதிகம் பேச மாட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஒரு வேலையைச் சொல்லுவாள். வேலை முடியும்போது பதில் கிடைத்திருக்கும். சில நாள் கிடைக்காது. மறுபடி வருவார்.

“முதல்ல என்ன பேரு வச்சீக?”

“வேங்கை. ரெண்டு மாசம் நல்லா ஓடி வந்துச்சு. அப்புறம் கூப்பிட்டா வரல. சரி, பேரு பிடிக்கலையோ என்னவோன்னு ராசான்னு மாத்துனேன்.”

“ராசா வந்தாரா?”

“ஒரு மாசம் வந்துச்சு. அப்புறம் அதுவும் போச்சு. சூரன்னு வச்சேன். பத்தே நாள்.”

“மூணும் வீரமான பேருதான்.”

“என்ன வீரமோ. சட்டைச் சாயம் மாதிரி நாலு தண்ணியில வெளுத்துப்போகுது தாயி.”

அவள் சிரிக்கவில்லை. நாயைப் பார்த்தாள். நாய் தரையைப் பார்த்தது.

“சோறு வைக்கிறப்ப எந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடுவீக?”

“சோத்துக்கு எதுக்குப் பேரு? சட்டியத் தட்டுனா வந்துருமே. அதட்டுறதுக்குத்தான் பேரு.”

“ம்.”

சாத்தையா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“புதன்கிழமை தண்டவாளத்தத் தாண்டணும் தாயி. இந்தப் பக்கம் புல்லு முடிஞ்சுபோச்சு. அந்தப் பக்கம் அறுத்த வயலு கிடக்கு. கோட்டைச்சாமி மந்தையோட சேர்ந்து போறதாப் பேச்சு. அங்க ரயில்வே கேட்டும் கிடையாது, ஆளும் கிடையாது. ஆடு குறுக்க மிரண்டா நாய்தான் திருப்பணும். போன மாசம் மாதிரி ஆயிருச்சுன்னா...”



போன மாதம் நடந்தது அவளுக்கும் தெரியும். பாதி மந்தை தாண்டிய பிறகு ஏழு ஆடு மட்டும் மிரண்டு தண்டவாளத்து மேலேயே திரும்பி ஓடின. நாய் எதிர் மேட்டில் நின்றிருந்தது. ஓடிவந்து அவற்றை ஒதுக்கியிருக்கலாம். சாத்தையா தொண்டை கிழியக் கத்தினார். சூரா, சூரா, சூரா. நாய் அவரைத் திரும்பிப் பார்த்தது. பார்த்துவிட்டு மறுபக்கமாக ஓடிப்போனது.

ரயில் வந்தது.

ஏழில் இரண்டு சினை ஆடு.

“ஏழு ஆட்டக் கொன்ன நாயின்னு ஊரே சொல்லுது,” என்றார். ஊரிடம் முதலில் சொன்னது அவர்தான். “வீட்டுக்காரி இதத் தொலைச்சுட்டு வான்னுட்டா. எனக்கு மனசு வரல. குட்டியில மடியில வச்சுப் பால் ஊத்துனது. கூப்பிட்டா வர்ற மாதிரி ஒரு பேரு மட்டும் கிடைச்சுட்டாப் போதும்.”

“கயித்த அவுத்து விடுங்க.”

“ஓடிப்போயிரும்.”

“போகட்டும்.”

அவிழ்த்தார். நாய் ஓடவில்லை. ஊருணிக் கரையில் ஒரு கருவேல மரம் இருந்தது. அதன் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அங்கிருந்து பார்த்தால் இவர்கள் இருவரும் தெரியும். இவர்கள் கை எட்டாது.

“பேரு சாயங்காலம் சொல்றேன்,” என்றாள் அரியநாச்சி. “இன்னைக்கு எங்கூட மேய்க்க வாங்க. ஆனா ஒண்ணு. இன்னைக்கு முழுக்க உங்கள அண்ணேன்னு சொல்ல மாட்டேன். பேரச் சொல்லித்தான் கூப்பிடுவேன். சம்மதமா?”

சாத்தையாவுக்குச் சிரிப்பு வந்தது.

“குரு நீ. பேரச் சொல்லு, நம்பரச் சொல்லு, எனக்கென்ன?”

ஆடுகள் ஊருணியைச் சுற்றிப் பரவின.

“சாத்தையா.”

முதல் தடவை அவள் அப்படித்தான் கூப்பிட்டாள். சாதாரணமாக. கையில் கம்பங்கூழ் இருந்தது, கடித்துக்கொள்ள வெங்காயமும் இருந்தது. அவர் விறுவிறுவென்று போய் வாங்கிக்கொண்டார்.

அம்மா போன பிறகு அந்தப் பெயரை அவர் இப்படிக் கேட்டதே இல்லை. மனைவி பேர் சொல்ல மாட்டாள். சின்னவர்கள் அண்ணே என்பார்கள், பெரியப்பா என்பார்கள். ரேஷன் கடையில் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதுண்டு. ஆனால் அது அட்டையைப் பார்த்து வாசிப்பது, கூப்பிடுவதில் சேராது.

கூழ் அன்றைக்கு என்னவோ கூடுதல் ருசியாக இருந்தது.

“சாத்தையா!”

இரண்டாவது கூப்பாடு. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். ஒரு ஆடு அடுத்தவர் மிளகாய்த் தோட்டத்து வேலியில் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. ஓடினார். திருப்பினார். மூச்சு வாங்க அவள் முன்னால் வந்து நின்றார்.

அவள் ஒரு பார்வை பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

“சாத்தையா!”

குட்டி ஒன்று முள்ளில் மாட்டிக்கொண்டது.

“சாத்தையா!”

ஆடு தட்டித் தண்ணீர்க் குடம் சாய்ந்தது. சாய்ந்தபோது அவர் ஐம்பது அடி தள்ளி நின்றிருந்தார்.

“நான் தொடவே இல்ல தாயி.”

அவள் ‘ச்சு’ கொட்டினாள். அவ்வளவுதான்.

திட்டினால்கூடப் பரவாயில்லை, பதில் சொல்லிவிடலாம். இதற்கு என்ன சொல்வது?

விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் கரைமேல் போனாள். சரியாக அந்த நேரம் பார்த்து மறுபடியும் கூப்பாடு. “சாத்தையா!” ஆடு ஒன்று கூட்டத்தை விட்டுப் பின்தங்கியிருந்தது.

விறகுக்காரி நின்றேவிட்டாள்.

“என்ன பெரியவரே, இம்புட்டு வயசுல பேரச் சொல்லி ஏலம் போடுறா? அப்படி என்னதான் செஞ்சுபுட்டீக?”

“தெரியல தாயி.”

“தெரியாமயா கூப்பிடுறா?” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

சாத்தையாவின் காது சுட்டது. வெயிலால் மட்டும் இல்லை.

உச்சிவேளைக்குள் எத்தனை தடவை என்பது மறந்துபோயிற்று. செருப்பு அறுந்தாலும் சாத்தையா. கிடா இரண்டு முட்டிக்கொண்டாலும் சாத்தையா. மேகம் கறுத்து ஒரு தூற்றல் விழுந்தது, அதற்கும் சாத்தையா. ஓடிப்போனால் பேச்சு இல்லை. ஒரு பார்வை, ஒரு முகத்திருப்பல்.

முதலில் கால் ஓடியது. பிறகு நடந்தது. பிறகு அவள் வாயைத் திறந்தாலே அது பின்வாங்கியது. அவள் இருமுவதற்குத் திறந்தபோதும் பின்வாங்கியது.

அவர் அவள் கண்ணில் படாத இடமாகப் பார்த்து நிற்க ஆரம்பித்தார். அவள் கிழக்கே போனால் இவர் மேற்கே. கூப்பிட்டால் ஒரு ஆட்டின் குளம்பைத் தூக்கி வைத்துக்கொண்டு, அதில் இல்லாத முள்ளைத் தேடினார்.

‘காதில் விழவில்லை என்று நினைத்துக்கொள்ளட்டும்.’

வெயில் சாய்ந்தது. ஆடுகள் அசைபோட்டுக்கொண்டு உட்கார்ந்தன. சாத்தையா மந்தையை விட்டு ஊருணிக் கரைப் பக்கம் மெதுவாக நழுவினார். அங்கே அந்தக் கருவேல மரம். அதன் தூருக்குப் பின்னால் உட்கார்ந்தால் அவளுக்குத் தெரியாது.

நாய் அங்கேதான் கிடந்தது. அவரைக் கண்டு கொஞ்சம் தள்ளிப் படுத்தது. அவரும் அதைக் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற தெம்பு இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம் இருந்தது.

சும்மா இருப்பது சுகமாக இருந்தது.

“சாத்தையா!”

தூரத்துக் குரல். அவர் அசையவில்லை.

“சாத்தையா!”

எழுந்து போகவேண்டும் என்று தெரிந்தது. அவள் குரு. அவர்தான் சம்மதித்தார். எல்லாம் தெரிந்தது. கால்தான் எழவில்லை.

“சாத்தையா!”

இந்தத் தடவை கரைமேலிருந்து வந்தது குரல்.

அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். தோள் தானாகக் குறுகியது. உடம்பு மரத்தோடு ஒட்டிக்கொண்டது. உள்ளங்கை மண்ணை அழுத்திக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பக்கத்தில் பார்த்தார்.

நாயின் காது இரண்டும் பின்னால் ஒட்டிக் கிடந்தன. வயிறு மண்ணோடு மண்ணாக அழுந்தியிருந்தது. முன்னங்கால் நகம் தரையைப் பற்றியிருந்தது. அது கூப்பிட்டவளைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

சாத்தையா தன் கையைப் பார்த்தார். நாயின் காலைப் பார்த்தார்.

மண்ணிலிருந்து கையை எடுத்தார். விரல் இடுக்கெல்லாம் மண்.

காலடிச் சத்தம் வந்தது. அரியநாச்சி மரத்தைச் சுற்றி வந்து நின்றாள். கையில் தட்டு. சோறும் கருவாட்டுக் குழம்பும்.

“இங்கயா இருக்கீக அண்ணே? சோறு ஆறுது. மூணு வாட்டி கூப்பிட்டேன்.”

அவர் நிமிரவில்லை.

“சோத்துக்கா கூப்பிட்ட?”

“பின்ன எதுக்கு?”

அவள் தட்டை அவர் பக்கத்தில் வைத்தாள். தானும் உட்கார்ந்தாள். அவசரமே இல்லாதவள் போலக் காலை நீட்டிக்கொண்டாள்.

சாத்தையா விரல் இடுக்கு மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டார். 

“தாயி... அன்னைக்குத் தண்டவாளத்துல நான் கூப்பிட்டது... அதுக்குக் கேட்டிருக்குமா?”

“இப்ப உங்களுக்குக் கேட்டுச்சா?”

 

அவர் கண் கலங்கியதை அவள் பார்க்கவில்லை. அல்லது பார்க்காதது மாதிரி இருந்தாள். ஆடுகளின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பேரு கேட்டீகளே,” என்றாள். “யோசிச்சு வச்சிருக்கேன். சொல்லவா?”

“இப்ப வேணாம் தாயி.”

“புதன்கிழமைக்கு வேணுமே?”

அவர் சோற்றில் பாதியை அள்ளினார். முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்தார், பிள்ளைக்கு ஊட்டுவதற்கு எடுப்பது போல. சப்பட்டையான ஒரு கல்லின்மேல் சோற்றை வைத்தார். கல்லை நாயின் பக்கமாக நகர்த்திவிட்டுத் தான் பின்னால் தள்ளி உட்கார்ந்தார்.

நாய் எழவில்லை. மூக்கு மட்டும் அசைந்தது.

அவர் கூப்பிடவில்லை.

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். கோட்டைச்சாமியை அழைத்தார்.

“கோட்டைச்சாமி, புதன்கிழமை நீங்க முன்னால போங்கப்பா. நான் வரல.”

“என்னது?” போனை மீறிக் குரல் வெளியே கேட்டது. “ஏன்யா, பேரு கேக்கப் போனியே, கிடைக்கலையா?”

“அத விடு. நீங்க போங்க.”

“யோவ், அம்புட்டு மந்தையும் மேய்ஞ்ச பின்னாடி வந்தா உனக்கு அங்க என்னய்யா மிஞ்சும்? வரப்புதான் மிஞ்சும்.”

“மிஞ்சுறது மிஞ்சட்டும்.”

“ஆடு இளைச்சுப்போகும்யா.”

“தெரியும். இலைதழை வெட்டிப் போட்டுக்கிறேன்.”

“கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? எப்பத்தான் வருவ, அதச் சொல்லு.”

நாய் தலையைத் தூக்கியது. சோற்றைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. மறுபடியும் தலையைக் கால்மேல் வைத்துக்கொண்டது.

“அது வர்றப்ப,” என்றார் சாத்தையா.