பள்ளிக்கூடச் சுவரில் குருவி குடியேறிய கதை

அந்தக் காலத்தில், யானைக்கும் கரையானுக்கும் ஒரே பேச்சு இருந்த நாளில், மலையடிவாரத்துப் புங்கமரத்தின் கீழ் ஒரு காலை கூடியவர்கள் இவர்கள்: யானையார் ஒருவர், ஆமை வாத்தியார் ஒருவர், மரங்கொத்தி ஒருவன், குருவியம்மாவும் அவள் புருஷனுமாக இருவர், கரையான் மேஸ்திரி ஒருவர். பிள்ளைகள் ஆறு: மான்குட்டி, முயல்குட்டி இரண்டு, கீரிக்குட்டி, மயில்குஞ்சு, குருவியம்மாவின் மகள் தினை. ஆகப் பன்னிரண்டு. மேஸ்திரிக்குப் பின்னால் நின்ற கரையான் கூட்டம் வாய் திறக்கவில்லை, அதனால் எண்ணவில்லை. தாய்மயிலையும் சேர்த்துப் பதின்மூன்று என்று சொல்பவர்கள் உண்டு. அது தப்பு. குஞ்சை விட்டுவிட்டு அது அப்போதே போய்விட்டது.

கூடியது பள்ளிக்கூடம் திறக்க. அதைக் கேட்டு வாங்கியவள் குருவியம்மா. முந்தின வருஷம் அவள் கூட்டில் நான்கு முட்டை இருந்தது. பாம்பு வந்து ஒன்றை விழுங்கிவிட்டுப் போனது. அவளுக்கு எண்ணத் தெரியாது. வந்து உட்கார்ந்து மீதியை அடைகாத்தாள். பக்கத்து மரத்திலிருந்து மரங்கொத்திதான் கேட்டான்.

"என்னக்கா, ஒண்ணு குறையுதே?"

"குறையுதுன்னா என்ன தம்பி?" என்றாள் அவள்.

விளங்கியபோது ஒரு பகல் முழுக்கத் தானியம் தொடவில்லை. தினையாவது எண்ணக் கற்க வேண்டும் என்று அன்றுதான் நினைத்தாள். வளை வளையாக, புதர் புதராகப் போய்ப் பேசினாள். யானையார் இடம் கொடுத்தார். கரையான்கள் கட்டிக் கொடுத்தார்கள்.

கட்டடம் உறுதியானது. ஆயிரத்து இருநூறு மண்கல் அறுத்தார்கள், ஆயிரத்து இருநூறையும் வைத்தார்கள். "கல் குறைஞ்சா புத்தி தப்பு, கல் மிஞ்சினா கணக்குத் தப்பு" என்பது மேஸ்திரியின் பேச்சு. மேலே கற்பலகைகளை யானையார் தூக்கி வைத்தார். சுவருக்கும் பலகைக்கும் நடுவே எறும்பு போகும் சந்து கூட இல்லாமல் கரையான்கள் பூசிவிட்டார்கள். மான்குட்டி குனிந்து நுழையும் அளவுக்கு ஒரே வாசல்.

ஆமை வாத்தியார் பிள்ளைகளை உட்காரவைத்து "ஒன்று" என்றார். "இரண்டு" வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. முதலில் முயல்குட்டிகள் தூங்கின. பிறகு தினை வாயைத் திறந்தபடி சாய்ந்து விழுந்தாள்.

வெளியே தூக்கி வந்து தண்ணீர் தெளித்தார்கள். கண் விழித்தாள்.

"மேஸ்திரி, நீங்க கட்டினது பள்ளிக்கூடமா, பிள்ளைகளை வேகவைக்கிற பானையா?" என்றார் யானையார்.

"மழைக்குக் கரையாது, காத்துக்கு அசையாது. வேற என்ன வேணும் உங்களுக்கு?" என்றார் மேஸ்திரி.

குருவியம்மா உள்ளே பறந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "கீழே அவ்வளவு இல்லை. சூடெல்லாம் மேலே ஏறி, போக வழி தெரியாம பலகையிலே முட்டிக்கிட்டு நிக்குது. உச்சியிலே வழி விட்டா போயிரும்."

மரங்கொத்தி மேற்குச் சுவரின் உச்சியில் கொத்தி மூன்று கல்லைத் தள்ளினான். சூடு வெளியே போயிற்று. பிற்பகலில் பிள்ளைகள் மூன்று வரை வந்துவிட்டார்கள். வெயில் தாழ்ந்ததும் கரையான்கள் சாரை சாரையாக வந்து அந்தச் சந்தை ஈரமண்ணால் பூசிவிட்டன. மறுநாள் மரங்கொத்தி கிழக்குச் சுவரில் நான்கு கல்லைத் தள்ளினான். மாலையில் அதையும் பூசிவிட்டன.

யானையாருக்குப் பொறுமை போய்விட்டது. "நாளை மறுநாள் காலையில் வருவேன். அப்பவும் உள்ளே புழுங்கினா சுவரை முட்டித் தள்ளிருவேன். பிள்ளைகள் அவங்கவங்க தாய்கிட்டேயே கத்துக்கட்டும்."

குருவியம்மா நினைத்துப் பார்த்தாள். தாயிடம் கற்றால் தினை என்ன கற்பாள்? தாய்க்கு ஒன்று கூடத் தெரியாது.

மேஸ்திரியிடம் போனாள். "ஏன் அண்ணே இப்படிச் செய்றீங்க?"

"வேணும்னா செய்றோம்? கண்ணு தெரியாத சனம் நாங்க. எங்கேயாவது காத்து வருதுன்னா எங்களுக்கு உடம்பு நடுங்கும். அடைக்காம சாப்பாடு இறங்காது."

"அப்போ உங்க புற்றிலே பாம்பு வந்து படுத்தா மட்டும் அந்த வாசலை விட்டு வைக்கிறீங்களே?"

மேஸ்திரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது வேற, தாயி. குடி வந்துட்டா அடைக்கக் கூடாது. உசிரு இருக்கிற இடத்தை மூடுறது எங்க குலத்துக்கு ஆகாது. பாம்பா இருந்தாலும் சரி."

அதைக் கேட்டதும் குருவியம்மா நேரே மரங்கொத்தியிடம் பறந்தாள்.

மறுநாள் மரங்கொத்தி இரண்டு சந்துகளையும் திரும்பத் திறந்தான். மேற்குச் சந்தில் அவள் வைக்கோல் கொண்டுவந்து போட்டாள். காற்றுக்கு முக்கால் வழி விட்டு, ஒரு ஓரமாகத்தான் போட்டாள். வயிற்றில் முட்டை கனத்துக்கொண்டிருந்தது. அங்கேயே இட்டாள். புருஷனைக் கிழக்குச் சந்தில் உட்காரச் சொன்னாள்.

"நான் என்ன செய்யணும்?"

"சும்மா உக்காந்திருக்கணும்."

"அது எனக்கு நல்லா வரும்" என்று போய் உட்கார்ந்தான்.

வெயில் தாழ்ந்தது. கரையான்கள் ஏறிவந்தன. முன்னால் வந்த இளவட்டங்கள் யார் எவர் என்று விசாரிக்கவில்லை. ஈரமண்ணை அப்பத் தொடங்கின. மண் குருவியம்மாவின் வாலைத் தொட்டது, பிறகு ஒரு சிறகைப் பிடித்துக்கொண்டது. காயும் முன் எழுந்தால் பறந்துவிடலாம். எழுந்தால் பள்ளிக்கூடம் போய்விடும். அவள் அசையவில்லை.

"மேஸ்திரி அண்ணே," என்றாள். "இங்கே ஆள் இருக்கு."

அப்பிய வாய்கள் நின்றன. மேஸ்திரி முன்னால் வந்தார்.

"குடியா, வழிப்போக்கா?"

"குடி."

"அதுக்கு என்ன சாட்சி?"

அவள் மண் படாத சிறகைத் தூக்கிக் காட்டினாள். மேஸ்திரி மீசையால் தடவிப் பார்த்தார். முட்டை கதகதப்பாக இருந்தது. பிறகு, "மண்ணை எடுங்கடா" என்றார்.

கிழக்குச் சந்துக்குப் போனார்கள். "நீ யாருப்பா?"

"நானும் குடிதான்."

"முட்டை எங்கே?"

"நான் ஆம்பிளை, மேஸ்திரி."

இளவட்டங்கள் சிரித்துவிட்டன. மேஸ்திரிக்கும் மீசை துடித்தது. "அந்த வீட்டுக்காரனா? சரி. அது முன்வாசல், இது பின்வாசல். ஒரே குடிதான்." கொண்டுவந்த மண்ணை வீணாக்காமல் இரண்டு சந்துகளின் விளிம்பையும் மழமழவென்று பூசிக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

விடிந்து வெயில் ஏறியபோது யானையார் முட்டுவதற்குத் தயாராக வந்தார். சுவரருகே வந்தவர் நின்றுவிட்டார். உள்ளே ஆறு பிள்ளைகளும் பலகை அதிரக் கத்திக்கொண்டிருந்தார்கள். தும்பிக்கையை உயர்த்தி மேற்குச் சந்தில் வைத்துப் பார்த்தார். ஒரு சந்தில் நுழைந்து மறு சந்தில் போய்க்கொண்டிருந்தது காற்று.

"மேஸ்திரி, இது கட்டடம்" என்றார்.

மேஸ்திரி அதற்கு மகிழவில்லை. "கீழே கல் கிடக்குதாமே. மிஞ்சினது எத்தனை?"

ஆமை வாத்தியார் தினையைப் பார்த்தார். அவள் வெளியே வந்து, கிடந்த கற்களின்மேல் ஒவ்வொன்றாகத் தத்தி எண்ணினாள். மேலே சந்திலிருந்து குருவியம்மாவும் கூடவே முணுமுணுத்தாள். மூன்று நாளாகப் பாடத்தைக் கேட்டதில் அவளுக்கும் பாதி வந்திருந்தது. ஐந்தில் தடுமாறினாள். மகள் எடுத்துக் கொடுத்தாள். கடைசிக் கல்லில் நின்று தினை எண்ணிக்கையைச் சொன்னாள்.

மேஸ்திரி சொன்னார்: "இருக்கட்டும். இது தப்புக் கணக்கு இல்லை. காத்துக்குக் கொடுத்த கல்."

அன்று முதல்தான் பள்ளிக்கூடம் கட்டுகிறவர்கள் சுவரின் உச்சியில் எதிரும் புதிருமாகச் சந்து விடுகிறார்கள். யாரையும் கேட்காமல் சிட்டுக்குருவி அதில் வந்து குடியேறுகிறது. பாடம் நடக்கையில் வைக்கோல் உதிர்ந்து விழுந்தாலும் எந்த வாத்தியாரும் அதை விரட்டுவதில்லை.

அந்த வருஷம் குருவியம்மா இட்டது நான்கு முட்டை. பொரித்தது நான்கு. புங்கமரத்தடியில் மிஞ்சிய கல் ஏழு.